செவ்வாணி ரொட்டி கைமாறிய கதை

கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு மடம் இருந்தது. இப்போது இல்லை. தேடிக்கொண்டு போகவேண்டாம், அடுப்புக் கல்லைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மடம் என்றதும் கோபுரம், தேர் என்று நினைத்துவிடக் கூடாது. ஓலைக் கூரை. நடுவில் ஓர் அடுப்பு. அதன்மேல் மூன்று முழ அகலத்தில் தட்டைக் கல். அவ்வளவுதான் மடம்.

அதற்குத் தலைவி சங்கிலியம்மை. வயது நாற்பத்தைந்து இருக்கும். காவி கிடையாது, பழஞ்சேலை. யாராவது காலில் விழப்போனால் காலை இழுத்துக்கொள்வாள். "கும்பிட்டது போதும், குந்து" என்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு சீடர். அவருக்கு வயது அறுபத்திரண்டு. பெயர் திருமேனிநாதர். புலவர். எந்தப் பொருளுக்கு எதனால் அந்தப் பெயர் வந்தது என்று நாற்பது வருஷமாகத் தேடித் தேடி எழுதியவர். செடி, கொடி, பாத்திரம், பண்டம் என்று நாலாயிரம் பெயர்களை எழுதி முடித்துவிட்டார். ஒன்றுதான் பாக்கி. செவ்வாணி ரொட்டி.

அந்தச் சீமை முழுக்கத் தின்கிற ரொட்டிதான். சோளமாவோடு வெந்த வரகைச் சேர்த்துப் பிசைந்து, இரண்டு விரல் கனத்துக்குத் தட்டி, கல்லில் போட்டு, மேலே ஆலிலை மூடி, அதன்மேல் தணலைப் பரப்பிச் சுடுவார்கள். வேக ஒரு நாழிகைக்குமேல் ஆகும். பெயர் எல்லாருக்கும் தெரியும். செவ்வாணி என்றால் என்ன என்று கேட்டால், "கணவாய் மடத்துல போய்க் கேளு" என்பார்கள்.

கேட்க வந்தவர்தான். மழை பொய்த்த முதல் வருஷம் அது.

"அம்மா, செவ்வாணி என்றால் என்ன?"

"மாவு பிசையத் தெரியுமா?"

"தெரியாது."

"பிசையும். அப்புறம் பேசலாம்."

மழை இரண்டாம் வருஷமும் பொய்த்தது. புலவர் பிசைந்துகொண்டிருந்தார்.

கிழக்கே கரிசல் காடு முழுக்க வெடித்துக் கிடந்தது. ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் கணவாயைத் தாண்டி மேற்கே போனார்கள். அங்கே மழை இருக்கிறது, மலைத் தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஏறுவதற்கு முன்னால் எல்லாரும் மடத்தில் நின்றார்கள். கண்ணும் எலும்பும் மட்டும் நடந்து வந்தமாதிரி இருக்கும்.

வந்தவர்களுக்குச் சங்கிலியம்மை உடனே சோறு போடமாட்டாள். வரிசையாக உட்காரவைப்பாள். கையில் ஆளுக்கொரு சிரட்டை கொடுத்து, உப்புப் போட்ட நீத்தண்ணிக் கஞ்சியை ஊற்றுவாள். ரொட்டியைத் தட்டிக் கல்லில் போடுவாள். பிறகு சட்டம் சொல்வாள்.

"நான் கதை சொல்லுவேன். நீங்க 'உம்' கொட்டணும். ஒரு 'உம்'முக்கு ஒரு மடக்கு. மேல குடிச்சா சிரட்டையப் பிடுங்கிருவேன்."

"ஆத்தா, பசிக்கு."

"எனக்குத் தெரியும். செவ்வாணிச் சீமைக்கு ஒரு ராணி இருந்தா."

"உம்."

"அவ புருசன் சண்டைக்குப் போயிட்டான்."

"உம்."

"ராணி ஒத்த ரொட்டி சுட்டா. புருசனுக்குக் குடுத்தனுப்பணும். மந்திரி தவிட்டானக் கூப்பிட்டா. தவிட்டான் வாங்கினான். தின்னானா?"

"தின்னல."

"தின்னல. யானைப்பாகன் கட்டையன் கையில குடுத்தான். கட்டையன் தின்னானா?"

"தின்னல."

இப்படியே போகும். பாகனிடமிருந்து தாதி சோலைச்சிக்கு. சோலைச்சியிடமிருந்து காவல்காரன் ஒத்தக்காதனுக்கு. அவனிடமிருந்து பந்தம் பிடிக்கிற நல்லக்காளுக்கு. ஒவ்வொரு கைக்கும் ஒரு பெயர், ஒரு பேச்சு. சோலைச்சிக்கு ரொட்டியைப் பார்த்ததும் அழுகை வரும். ஒத்தக்காதன் மோந்து பார்த்து "உப்புக் கம்மி" என்பான்; அந்த இடத்தில் எப்படிப்பட்ட பட்டினிக்காரனும் கொஞ்சம் சிரிப்பான். யாரும் தின்னமாட்டார்கள். கடைசியில் ரொட்டி ராசாவிடம் போய்ச் சேரும். ராசாவும் தின்னமாட்டான். புளியங்கொட்டை அளவுக்குப் பிட்டுப் பிட்டு, வந்த வழியே எல்லாக் கைக்கும் திருப்பி அனுப்புவான்.

அப்போதுதான் சங்கிலியம்மை தணலை ஒதுக்குவாள். ரொட்டி வெந்திருக்கும். முதலில் ஆளுக்குப் புளியங்கொட்டை அளவு. வெகுநேரம் கழித்து இன்னொரு கொட்டை. பொழுது சாய்வதற்குள் ஒரு கால் ரொட்டி. அவ்வளவுதான்.

கதை சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வாள். திடீரென்று நிறுத்தி, "அந்த ஓரத்துல நாலாவது ஆளு, சத்தம் கேக்கல" என்பாள். எழுந்துபோய் அவன் தலையை மடியில் வைத்துச் சொட்டுச் சொட்டாகக் கஞ்சி விடுவாள். திரும்ப வந்து, விட்ட கையிலிருந்து கதையை எடுப்பாள்.

தன் கதையைக் கவனிக்காதவன்மேல் அவளுக்குக் கோபம் என்று புலவர் நினைத்தார். கதை சொல்கிறவர்களுக்கு அந்தக் கர்வம் உண்டு.

அவருக்குக் கதையே பிடிக்கவில்லை. முதல் மாதமே நோட்டில் எழுதி எண்ணிப் பார்த்துவிட்டார். ராணியையும் ராசாவையும் விட்டுவிட்டு நூற்றொரு கை.

"இந்த ராணி எந்த வம்சம் அம்மா?"

"தெரியாது."

"மந்திரி பெயர் தவிட்டானாம். எந்த ராஜ்யத்தில் அம்மா மந்திரிக்குத் தவிட்டான் என்று பெயர் வைத்தார்கள்?"

"மந்திரிக்குத் தாயி இல்லையா? முந்தின பிள்ளைக தங்காம போயிருக்கும். இவனாவது தங்கட்டும்னு தவிட்டுக்கு வித்துத் திரும்ப வாங்கியிருப்பா."

"யானைப்பாகன் வருகிறான். யானை எங்கே? கதையில் ஓர் இடத்திலும் யானை இல்லை."

"கைய நிறுத்தாதீரும். பிசையும்."

"நூற்றொரு கை மாறினால் ரொட்டி வறட்டியாகிவிடும் அம்மா. ராசாவால் அதைப் பிட்க முடியாது."

"ஆமா" என்றாள் சங்கிலியம்மை.

ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று புலவருக்குச் சந்தோஷம். அன்றைக்கே நோட்டை எடுத்து, வேண்டாத கைகளைச் சிவப்பு மையால் அடித்தார். தவிட்டான் போனான். கட்டையன் போனான். சோலைச்சியை முழுசாக அடித்துவிட்டு, ஓரத்தில் 'பிற்சேர்க்கை' என்று எழுதினார். கடைசியில் ராணியையும் அடித்தார். பக்கம் முழுக்கச் சிவப்பு. செவ்வாணி என்ற சொல் மட்டும் மிஞ்சியது.

மூன்றாம் வருஷம் தை மாதத்தில் ஒரு மாதம் உத்தரவு கேட்டுக்கொண்டு கிழக்கே நடந்தார். நடந்தவர் கண்டுபிடித்தும்விட்டார். கால் வெடித்து, மேலெல்லாம் புழுதியாகத் திரும்பி வந்து நின்றார். முகம் மட்டும் கல்யாண வீடு.

"ஊர் அம்மா. வெறும் ஊர். செவ்வாணி என்று எல்லைக் கல்லில் வெட்டியிருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் சுட்ட ரொட்டி, அதனால் செவ்வாணி ரொட்டி. ராணியும் இல்லை, யானையும் இல்லை."

சங்கிலியம்மை விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல யாரு இருந்தாங்க?"

"ஒருவரும் இல்லை. சுவர்தான். சுவரும் பாதி."

"வடக்க ஒரு கெணறு இருக்குமே."

"இருந்தது."

"தண்ணி?"

"இல்லை."

அவள் கொஞ்ச நேரம் விறகைப் பிடித்தபடி இருந்தாள். கை சுட்டதும் விட்டாள்.

"இனிமேல் அந்தப் பொய்க் கதை வேண்டாம் அல்லவா அம்மா?"

"கல்லு காயுது. மாவை எடும்."

அந்த வடக்குக் கிணற்றை அவள் எப்படிச் சொன்னாள் என்று புலவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கண்டுபிடித்தவனுக்கு அதெல்லாம் காதில் விழாது.

மாசி பிறந்ததும் மடத்து மாவு அடிப்பானைக்கு வந்துவிட்டது. மலைக்குடிகளிடம் தினை கேட்டு வாங்கி வருகிறேன் என்று சங்கிலியம்மை சாக்கைத் தோளில் போட்டாள்.

"வர நாலு நாளாகும். வாரவங்களுக்கு நீரே சுட்டுப் போடும். கதைய நான் சொல்லுதபடி சொல்லும். ஒரு கையையும் விடாதீரும்."

"ஏன் அம்மா?"

"விடாதீரும்னா விடாதீரும்."

போய்விட்டாள்.

முதல் நாள் ஒன்பது பேர் வந்தார்கள். புலவர் கதையைச் சொன்னார். வேப்பெண்ணெய் குடிக்கிறவர்மாதிரிச் சொன்னார். நூற்றொரு கையும் மாறியது. ஒன்பது பேரும் மறுநாள் எழுந்து, கும்பிட்டுவிட்டு, கணவாய் ஏறினார்கள்.

இரண்டாம் நாள் காலை பதினாலு பேர்.

அதில் இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மூத்தவன் இளையவனின் அக்காளைக் கட்டியவன். இளையவன் அவனுக்கு மச்சினன். அக்காள் வழியிலேயே செத்துப்போனாள். உறவுக்குக் காரணமானவள் போனபின்னும் உறவு மட்டும் நடந்து வந்தது. இளையவனுக்கு நெஞ்சுக்கூடு வெளியே தெரிந்தது. வாய் மட்டும் ஓயவில்லை.

"மச்சான், மெதுவா. நீரு விழுந்தா தூக்க எனக்குத் தெம்பு இல்ல. அப்படியே விட்டுட்டுப் போயிருவேன்."

"போடா. உன்னைய நான்தான் நாலு நாளா இழுத்துட்டு வாரேன்."

"இழுத்தீரா? நான் முன்னால நடந்தேன். நீரு என் வேட்டியப் பிடிச்சிட்டு வந்தீரு. சாமி, நீங்க சொல்லுங்க. யாரைப் பாத்தா இழுத்த மாடு மாதிரித் தெரியுது?"

புலவர் சிரித்துவிட்டார். பல நாளாயிற்று அவர் சிரித்து.

எல்லாரையும் உட்காரவைத்தார். சிரட்டையில் கஞ்சி ஊற்றினார். பதினாலு ரொட்டியைத் தட்டிக் கல்லில் போட்டு, இலையை மூடித் தணலைப் பரப்பினார். சட்டத்தைச் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்த இளையவன் மூக்கை உறிஞ்சினான்.

"செவ்வாணி ரொட்டி. மச்சான், அக்கா சுட்டா இந்த வாசம்தான். சாமி, ஒண்ணு கேக்கட்டா? இதுக்கு ஏன் செவ்வாணின்னு பேரு?"

நாற்பது வருஷமாகப் பெயர்களுக்கு வேர் தேடியவரிடம், தானாக ஒருவன் வந்து கேட்கிறான். இதுவரை யாரும் கேட்டதில்லை. புலவர் தணலை விட்டு அவன் பக்கம் திரும்பினார். சாகக் கிடக்கிறவனுக்குப் பொய் சொல்வதா?

"செவ்வாணி ஒரு ஊர், அப்பா. கிழக்கே இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் சுட்ட ரொட்டி."

"உம். பெறகு?"

"அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா!" என்றான் அவன். "நான் என்னவோ பெரிசா இருக்கும்னு நினைச்சேன்."

சொல்வதற்கு வேறு எதுவும் இல்லை. பதினாலு பேரும் கல்லையே பார்த்தார்கள். சிரட்டையில் இருந்த கஞ்சி ஒரே மூச்சில் காலியாயிற்று. வாசம் ஏற ஏற ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். சத்தம் இல்லாத அழுகை. வெறும் தோள் மட்டும் குலுங்கியது.

ஒரு நாழிகை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, புலவர் கல்மனசுக்காரர் அல்ல. கால் நாழிகையிலேயே தணலை ஒதுக்கினார். மேல்தோல் சிவந்திருந்தது. உள்ளே மாவு. பரவாயில்லை என்று முழு ரொட்டியாக எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார்.

அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த மடத்தில் அவர் பார்த்ததில்லை. அழுதுகொண்டிருந்தவள் அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர் திரும்பவும் மாவை எடுத்துத் தட்டினார்.

"சாமி, இன்னொண்ணு" என்றான் இளையவன்.

"எடுத்துக்கொள்."

"மச்சான், பாத்தீரா? சாமி எனக்கு ரெண்டு. உமக்கு ஒண்ணு. ஆளப் பாத்துத்தான் குடுக்காங்க."

"தின்னுடா, தின்னு. இந்தா, என்னோடதுல பாதியும் தின்னு."

மூத்தவன் பாதியைப் பிட்டு அவன் கையில் வைத்தான். வழியெல்லாம் கிடைத்த கிழங்கையும் புல்லரிசியையும் அந்த மச்சினன்தான் தனக்குத் தந்துவந்தான், ஒன்பது நாளாக அவன் வயிற்றில் தண்ணீர் தவிர எதுவும் இல்லை என்று மூத்தவன் பிற்பாடு சொன்னான். அப்போது அதைக் கேட்க யாருக்குத் தோன்றியது?

உச்சிப் பொழுதில் நாலைந்து பேர் வாந்தி எடுத்தார்கள். எடுத்தவர்கள் பிழைத்தார்கள். இளையவனுக்கு வாந்தி வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். முதலில் அதற்கும் சிரித்தான்.

"மச்சான், வயிறு கனக்கு. வயிறு கனத்து எத்தன மாசம் ஆச்சு!"

பிறகு சிரிக்கவில்லை. வெயில் தாழ்வதற்குள் முடிந்துவிட்டது.

மூத்தவன் கதறவில்லை. மச்சினனின் கால்களை நீட்டி, பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினான். தன் துண்டிலிருந்து ஒரு கிழிசல் எடுத்துத் தாடையைக் கட்டினான். ஓயாத வாய், அந்த முடிச்சை மட்டும் இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினான். மடத்துக்குப் பின்னால் எல்லாரும் மாறி மாறித் தோண்டினார்கள். தெம்பில்லாத ஆட்கள் தோண்டிய குழி, ஆழம் போதவில்லை. மேலே கல் அடுக்கினார்கள்.

மறுநாள் காலை புறப்படும்போது மூத்தவன் புலவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"எங்க சனத்துல நாப்பது பேரு போயாச்சு சாமி. யாரும் வயிறு நெறஞ்சு போகல. இவன் ஒருத்தன்தான் நெறஞ்சு போனான். உங்க கைக்குப் புண்ணியம்."

புலவர் பின்னால் நகர்ந்தார். சுவர் முதுகில் இடித்தது. கால்களை எங்கே ஒளித்துவைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அவன் தானாக எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, மற்றவர்களோடு கணவாய் ஏறினான். திருப்பத்தில் மறைந்தான்.

அன்றும் மறுநாளும் யாரும் வரவில்லை. அது ஒன்றுதான் தெய்வச் செயல். புலவர் அடுப்பு மூட்டவில்லை. தின்னவும் இல்லை.

நாலாம் நாள் சங்கிலியம்மை அரைச் சாக்கோடு வந்தாள். பின்பக்க வழி. கல் அடுக்கியதைப் பார்த்துவிட்டுத்தான் முன்னால் வந்தாள். சாக்கை இறக்கினாள்.

"எத்தன?"

"ஒன்று."

"கதை சொன்னீரா?"

"உண்மையைச் சொன்னேன்."

அவள் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் புலவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அம்மா." புலவர் அடுப்பைப் பார்த்துச் சொன்னார். "பட்டினி கிடந்தவனுக்கு அள்ளிப் போட்டால் செத்துப்போவான் என்று. ஒரே ஒரு வார்த்தை."

"தெனமும் சொன்னேன். நீரு திருத்திக்கிட்டு இருந்தீரு."

புலவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுப்பில் பழைய சாம்பல் பறந்தது.

அவள் சாக்கின் வாயை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் செவ்வாணிக்காரி."

அவர் நிமிர்ந்தார்.

"எனக்கு அப்ப பதினாறு வயசு. நூத்திப்பத்துப் பேரு கெளம்பினோம். எல்லாரும் இந்த மடம் வரைக்கும் வந்துட்டோம். ஒருத்தர்கூட வழியில விழல. அதான் அதிசயம். இங்க ஒரு தர்மவான் இருந்தாரு. உம்மைப்போல. தங்கமான மனுசன். நாங்க கேக்குமுந்தி ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டாரு. எங்க ஊரு ரொட்டிதான். எங்க பொம்பளைக சொல்லச் சொல்ல அவரே சுட்டாரு."

"பிறகு?"

"மறுநா ஒம்பது பேரு எந்திரிச்சோம்."

புலவருக்குக் கணக்கு வேகமாக வரும். அன்று வந்ததைப்போல் வேகமாக என்றும் வந்ததில்லை.

"தவிட்டான்..." என்றார்.

"எங்க அப்பன்."

"சோலைச்சி?"

"பக்கத்து வீடு. சின்னம்மை மொறை. எதுக்கெடுத்தாலும் அழுவா."

அதற்குமேல் ஒவ்வொரு பெயராகக் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. நோட்டு கூரையில் செருகியிருந்தது. அதை எடுத்து அடுப்பில் போடலாம். போட்டால் மட்டும் என்ன?

"ராணி?"

"ராணி கெடையாது. செத்தவங்க பேரச் சொல்லுதேன்னா எவன் உக்காந்து கேப்பான்? ராணின்னாத்தான் கேக்கான்."

"புளியங்கொட்டை அளவு பிட்டுக் கொடுத்த ராசா?"

"அந்தத் தர்மவான். அவரு செய்யாததக் கதையில செய்ய வச்சோம். ஒம்பது பேரும் இந்த அடுப்பச் சுத்தி உக்காந்து பதினஞ்சு நாளு கட்டினோம். யாரு பேரும் விட்டுறக் கூடாதுன்னு சண்டகூட வந்துச்சு."

"அவர் என்ன ஆனார் அம்மா?"

"அதக் கேக்காதீரும்."

கிழக்கே புழுதி எழும்பியது. ஆள் தெரியவில்லை, வருகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. முப்பது பேருக்குக் குறையாது. சங்கிலியம்மை எழுந்தாள். சாம்பலை வாரிக் கொட்டினாள். தீ மூட்டினாள். குடத்துத் தண்ணீரில் உப்பைப் போட்டாள்.

"தினைய அரையும்" என்றாள்.

புலவர் திருகையில் உட்கார்ந்தார். இரண்டு சுற்றுச் சுற்றினார். நிறுத்தினார்.

"அம்மா, இங்கே இருக்க எனக்கு யோக்கியதை இல்லை. என்னைப் போகச் சொல்லுங்கள்."

"எங்க போவீரு?"

"தெரியாது."

"அப்ப அரையும்."

அரைத்தார். மாவு விழுந்தது. கிழக்கே தலைகள் தெரிய ஆரம்பித்தன. யாரோ ஒருவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"நீரே சொல்லும் இன்னைக்கு. என் தொண்ட கட்டியிருக்கு" என்றாள் சங்கிலியம்மை.

"சொல்கிறேன் அம்மா. ஒரு கையையும் விடமாட்டேன்." புலவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாவு கண்ணில் பட்டு எரிந்தது. "ஒன்றே ஒன்று. அவனையும் சேர்க்கவேண்டும். நூற்றிரண்டாவது கை. ராசாவுக்கு முந்தின கை அவன் கையாக இருக்கட்டும். உத்தரவு கொடுங்கள்."

சங்கிலியம்மை மாவை இழுத்துத் தண்ணீர் தெளித்தாள்.

"சேத்துக்கிடும். உத்தரவு எதுக்கு? அதுக்குத்தான கதை." பிசைந்துகொண்டே கேட்டாள்: "பேரு என்ன?"

புலவர் வாயைத் திறந்தார்.

அவள் பிசைவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அவன் பேரு என்ன, புலவரே?"

புலவர் மூத்தவன் ஏறிப்போன கணவாயைப் பார்த்தார்.